சரிவு மண்ணில் பூவும் குடிலும் கொஞ்சம் காடும்: டர்பன் தமிழ் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கோயிலில் தீபாராதனை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடும் இடத்தில்தான் எனக்கு இந்தக் கேள்விகள் வரும். நாற்று கொடுத்து நாற்று வாங்கும் பழக்கத்தால் தேடிக்கொண்ட வினை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொன்ன பிறகு, எழுதி வைத்துவிட்டால் தொண்டைக்காவது ஓய்வு கிடைக்கும் என்று தோன்றியது. என் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், சரிவில் இருக்கிறது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் முதலில் டர்பன் கடற்கரைப் பக்கத்துக்கு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா, கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வீடுகளுக்கு மாறும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

டர்பனில்தான் குளிரே இல்லையே அக்கா, பசுமைக்குடில் எதற்கு?

குளிருக்காக அல்ல. ஐரோப்பியப் படங்களில் வரும் கண்ணாடிக் கூடம் வெயிலைப் பிடித்து வைப்பதற்கு. நமக்கு வேண்டியது வெயிலையும் மழையையும் அளந்து உள்ளே விடும் கூரை. ஜூலை இரவுகளில்கூட இங்கே சராசரியாக 11 பாகை அளவில்தான் வெப்பம் நிற்கும். தொல்லையெல்லாம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை; பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. புழுக்கமும் சேர்ந்துகொண்டால் காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் தண்டு அழுகிச் சாய்ந்து கிடக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் கட்டியது நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாள் மூடிய பெட்டி. ஒரு ஜனவரிச் சனிக்கிழமை அதன் கதவைச் சாத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மாலையில் திறந்தபோது இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கியதுபோல் ஆவி முகத்தில் அடித்தது. இரண்டு ஆண்டு வளர்த்த வெற்றிலைக் கொடி வெந்த கீரையாகத் தொங்கியது.

அப்படியானால் எப்படிக் கட்டுவது? கையில் பெரிய பணம் இல்லை.

மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் போதும். மருந்து ஏற்றிய யூகலிப்டஸ் கம்பங்கள் ஆறு, சரிவான கூரை, அதன்மேல் வெயிலைத் தாங்கும் 200 மைக்ரான் தெளிந்த பிளாஸ்டிக் தாள். பக்கங்களுக்குத் தாள் வேண்டாம். 40 விழுக்காடு நிழல்வலை போதும். கூரைக்கும் வலைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சூடான காற்று அந்த வழியாக வெளியேறும். கூரைத் தாளின் ஓரத்தை ஆணியால் அடிக்காமல் மரச்சட்டத்தில் சுற்றித் திருகினால் ஆகஸ்ட் காற்றில் கிழியாது.

லெனேசியாவில் கதை வேறு. அங்கே ஜூன், ஜூலையில் உறைபனி விழும். கோடை மாலைகளில் ஆலங்கட்டி மழை அடிக்கும். பக்கங்களுக்குச் சுருட்டி இறக்கும் தாள் வேண்டும். குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கு இறக்கிவிட்டுக் காலை ஒன்பதுக்கு மறக்காமல் ஏற்றிவிடுங்கள். கூரைக்கு மேலே ஆலங்கட்டி வலை ஒன்றை இழுத்துக் கட்டுவதும் நல்லது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பள்ளத்தில் வீடு இருப்பவர்களுக்கும் இதுவே. மேட்டில் இருப்பவர்கள் எங்களைப் போலவே கட்டலாம்.

எந்தத் திசையில் வைப்பது? ஊரில் தெற்குப் பக்கம் வெயில் என்றுதானே சொன்னார்கள்?

ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே, நாம் தெற்கே. டர்பனில் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கு வானத்தில்தான் இருக்கும். உச்சந்தலைக்கு மேல் ஒரு நாளும் வராது. டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சியைத் தொடும். ஜூனில் 37 பாகை உயரம்தான் ஏறும். ஆகவே வடக்குப் பக்கத்தில் சுவரோ பெரிய மரமோ இருந்தால் குளிர்காலம் முழுக்கக் குடில் இருட்டிலேயே கிடக்கும். நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, நீளமான பக்கம் வடக்கைப் பார்க்கட்டும். மேற்குப் பக்கம் மட்டும் வலையை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். பிற்பகல் வெயில்தான் கொல்லும்.

வாஸ்துவில் ஈசானிய மூலை திறந்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் வசதி. இங்கே வெயிலும் அந்தப் பக்கம்தான் வருகிறது.

குடிலுக்குள் என்னென்ன வைக்கலாம்?

வெற்றிலை, மல்லிகைப் பதியன், கறிவேப்பிலைக் கன்று, பூ நாற்றுகள். வெற்றிலைக்கு நிழலும் ஈரக் காற்றும் வேண்டும், ஆனால் வேரில் நீர் நிற்கக் கூடாது. தென்கிழக்கு மூலையில் ஒரு பாசி சுற்றிய கம்பத்தில் ஏற்றினால் தாம்பூலத் தட்டுக்குக் கடைக்குப் போக வேண்டாம். துளசியை உள்ளே வைக்காதீர்கள். வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளரும்.

மஞ்சளுக்கும் சேப்பங்கிழங்குக்கும் குடில் தேவையே இல்லை. சேப்பங்கிழங்கை இந்த மண்ணின் ஜூலு மக்கள் அமாடும்பே என்று தலைமுறைகளாக வெட்டவெளியில்தான் பயிரிடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி வழியும் இடத்தில் நட்டுவிட்டு மறந்துவிடலாம்.

தீபாவளிக்குச் செண்டுமல்லி பூக்க வேண்டும். எப்போது விதைப்பது?

தீபாவளி நாளிலிருந்து எழுபது நாள் பின்னால் எண்ணுங்கள். பெரும்பாலும் ஆகஸ்டில் வந்து நிற்கும். அது நம் ஆடிக் கடைசி, இல்லையென்றால் ஆவணி! தென்னாப்பிரிக்காவில் ஆடி என்பது குளிர்காலத்தின் கடைசி. இருந்தும் ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி நாற்றுத் தட்டு அளவில் இங்கேயும் பலிக்கிறது. குடிலில் தட்டில் விதைத்து, நான்கு இலை வந்ததும் செப்டம்பரில் வெளியே நடுங்கள். ஒரு சாண் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் ஒரு பூவுக்கு ஆறு பூ.

தைப்பூசக் காவடிக்கு வேண்டுமானால் நவம்பரில் விதைக்க வேண்டும். ஆனால் அப்போது மழை உச்சத்தில் இருக்கும். நனைந்த செண்டுமல்லி காம்போடு அழுகும். மேட்டுப் பாத்தியில், ஒரு முழ இடைவெளியில் நடுங்கள். பாதி பூ கைக்கு வந்தாலே நல்ல ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

மல்லிகை என்று சொல்லி விற்றார்கள். மரமாக வளர்கிறது, சிவப்புக் காய் காய்க்கிறது. இது என்ன?

எனக்கும் ஒரு நாற்றுக்கடையில் இதே மல்லிகையைத் தலையில் கட்டினார்கள். அது காட்டுக் கறிவேப்பிலை. மணம் மயக்கும், அதில் குறையில்லை. ஆனால் சிவப்புக் காயைப் பறவைகள் தின்று ஓடைக்கரைக் காடுகளில் விதைத்துவிடுவதால், எங்கள் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் அது 1பி வகை அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டிருக்கிறது. வளர்க்கவும் விற்கவும் கைமாற்றவும் கூடாது. இருப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதையும் விடாமல் கிள்ளுங்கள். உண்மையான மல்லிகை புதராகத்தான் நிற்கும். இலை எதிரெதிராக, ஒரு காம்பில் ஒற்றையாக இருக்கும். கறிவேப்பிலைபோல் ஈர்க்கில் வரிசையாக இலை இருந்தால் வாங்காதீர்கள்.

ஆயா நட்ட சிரிங்கா மரம் இருக்கிறது. மாரியம்மனுக்கு அந்த இலையைத்தான் வைக்கிறோம். வெட்டத்தான் வேண்டுமா?

1860ஆம் ஆண்டு முதல் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் ஊர் வேம்பு எளிதில் கிடைக்கவில்லை. அதே குடும்பத்துச் சிரிங்கா கைக்கு எட்டியது. அம்மன் அதையே ஏற்றுக்கொண்டாள். அந்த மரத்தை வெறும் களை என்று சொல்ல எனக்கும் நா எழாது.

சட்டம் இதில் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. நகர்ப்புறத்தில் சிரிங்கா மூன்றாம் வகை. ஏற்கெனவே நிற்கும் மரம் நிற்கலாம். புதிதாக நடவோ, கன்று கொடுக்கவோ கூடாது. ஓடைக்கரையில் இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. மஞ்சள் காய்கள் பழுப்பதற்குள் கொத்தோடு கழித்துவிடுங்கள், அடியில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குங்கள். ஆயாவின் மரம் அதன் காலம் வரை நிற்கட்டும்.

பொன்னரளி, ஊமத்தை?

இரண்டும் 1பி. சிவபூசைக்காக என்றாலும் நடக் கூடாது. இரண்டும் கடும் நஞ்சு என்பதால், பேரப்பிள்ளைகள் ஓடும் வீட்டில் சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்த நாட்டுச் செடி என்றால் புதர்தானே அக்கா? நமக்கும் அதற்கும் என்ன ஒட்டு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன். ஒட்டு இருக்கிறது, உறவே இருக்கிறது. வேலியோரம் வெள்ளை நட்சத்திரப் பூவும் கவட்டை முள்ளுமாக நிற்கும் அமாத்துங்குலுவைப் பாருங்கள். நம் களாவின் ஒன்றுவிட்ட தங்கை அது. கிளையை ஒடித்தால் அதே பால். சிவந்த பழம் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. பழுத்த பிறகு அப்படியே தின்னலாம், ஜாம் காய்ச்சலாம். பழம் தவிர மற்ற எதையும் வாயில் வைக்கக் கூடாது. திருடன் ஏற மாட்டாத வேலி வேண்டும் என்பவர்களுக்குக் கம்பியைவிட இதையே சொல்வேன்.

ஆகஸ்டில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கிளையில் செக்கச்செவேலென்று பூக்கும் பவழ மரம், கல்யாணப் பந்தலில் கால் நடும் கல்யாண முருங்கையின் இனம். தேன்சிட்டுகள் நாள் முழுக்க அதில்தான். (இலையைப் பறித்து அடை சுட்டுவிடாதீர்கள், ஊர் மரத்துக்கு உள்ள பழக்கம் இதற்கு இல்லை, விதையும் நஞ்சு.) இரட்டை முள்ளில் ஒன்று நேராக, ஒன்று கொக்கியாக இருக்கும் எருமைமுள் மரம் நம் இலந்தையின் உறவு. இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்து வர ஜூலு குடும்பங்கள் அதன் கிளையைத்தான் கையில் ஏந்திப் போகின்றன. வெளிர்நீலப் பூப் பூக்கும் பிளம்பேகோ, நம் கொடிவேலியின் இனம். அதன் பூவின் அடிப்பகுதி பசைபோல் ஒட்டும். பள்ளிக் காலத்தில் காதில் ஒட்டிக் கம்மலாக்கிக்கொண்டோம்.

எங்கே பார்ப்பது என்றால், 1849இல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்கா இருக்கிறது. சாட்ஸ்வர்த்காரர்களுக்கு அதைவிட அருகில் சில்வர்க்ளென் காப்பகம். அங்கே மூலிகை நாற்றுப்பண்ணை ஒன்று உண்டு. மருந்துக்காகப் பட்டையுரித்தே அழிவின் விளிம்புக்குப் போன மிளகுப்பட்டை மரத்தையும் அங்கே வளர்த்தெடுக்கிறார்கள்.

காட்டுப் பகுதி விடுங்கள் என்கிறீர்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி குப்பை போட்டு வைத்திருக்கிறாய் என்கிறார்.

காட்டைச் சுற்றி ஒரு கரை போடுங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் சீராக வெட்டி, விளிம்பில் கல் அடுக்கினால் உள்ளே இருப்பது வேண்டுமென்று வளர்த்தது என்று யாருக்கும் தெரியும். அதே புதர், கரை இல்லாவிட்டால் குப்பைதான். ஆன்ட்டி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

நாலடிக்கு நாலடி போதும். பின்னால் உயரமாக ஒரு பிளம்பேகோ, நடுவில் கற்றாழை இனங்கள், முன்னால் புல்பைன் என்ற குட்டைச் செடி. கற்றாழை ஜூன், ஜூலையில் பூப்பதால் வேறு தேன் இல்லாத மாதங்களில் தேன்சிட்டுக்குச் சோறு. ஒரு மூலையில் அழுகும் கட்டை. ‘சும்மா விடுவது’ என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்: விட்ட இடத்தில் முதலில் வருவது லந்தானா, குரோமோலீனா என்ற அந்நியக் களைகள்தான். முதல் இரண்டு ஆண்டு பூப்பாத்தியைவிட இதற்குத்தான் அதிகம் குனிய வேண்டும்.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி புழு. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். முதலில் கறுப்பும் வெள்ளையுமாக எச்சம்போலவே அசையாமல் கிடக்கும். வளர்ந்ததும் தோலுரித்துப் பச்சையாகிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீளும், கெட்டுப்போன நாரத்தை வாடை வீசும். அதுதான் கோடையில் மல்லிகைமேல் வட்டமிடும் கறுப்பு மஞ்சள் பெரிய பட்டாம்பூச்சி. இரண்டு மீட்டர் எலுமிச்சைக்கு ஏழெட்டுப் புழு ஒன்றும் செய்யாது. சிறு கன்று என்றால் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள்.

குட்டிக் குளம் வெட்டினால் கொசு வராதா?

கொசு குளத்தில் வளர்வதைவிடத் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் அதிகம் வளர்கிறது. குளத்தில் தட்டான் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்றுவிடும். இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் ஆழம், ஒரு பக்கம் மட்டும் கல் பாவிய சரிவு. விழுந்த உயிர் ஏறி வர அந்தச் சரிவு வேண்டும். மீன் விட்டால் தவளைக் குஞ்சு மிஞ்சாது. சிறு குழந்தை உள்ள வீட்டில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கெட்டிக் கம்பிவலை போடாமல் தண்ணீரே விடாதீர்கள்.

ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம். அதுவும் முன்பு சொன்ன 1பி வகைதான். இந்த நாட்டு நீல ஆம்பலை வையுங்கள். சங்கப் பாட்டில் நெய்தல் என்று வருகிறதே, அதன் இனம். நீர் நிறைந்த முதல் கோடையிலேயே விரல்நக அளவுத் தவளைகள் நாணலில் சீட்டியடிக்கும். தொண்டையைக் கமறுவதுபோல் கத்துவது வேறு, அது பெரிய தேரை. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1922இல் இந்த இனத்தை மொரீஷியஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது இன்று பெரும் தொல்லை. இங்கே அதுவே நத்தையையும் பூச்சியையும் தின்னும் கூலியில்லா வேலையாள்.

குரங்கு எதையும் விடுவதில்லை. என்ன செய்வது?

முதலில், செவ்வாய்க்கிழமை வாழைப்பழம் வைப்பதை நிறுத்துங்கள். ஆஞ்சநேயர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு வீட்டில் வைத்தால் தெரு முழுக்கப் படையெடுக்கும். பெலட் துப்பாக்கியால் சுடுவது சட்டவிரோதம், கொடுமையும்கூட. குடிலின் நிழல்வலையை அவை இரண்டு நிமிடத்தில் கிழித்துவிடும். வலைக்கு வெளியே பற்றவைத்த கம்பிவலை ஒரு ஆள் உயரத்துக்கு வேண்டும், கதவுக்குத் திருகுத் தாழ்ப்பாள் வேண்டும். என் தோட்டத்தில் மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை மூன்றையும் தொட்டதில்லை. தக்காளி உள்ளே, இவை வெளியே. பவழ மரத்துப் பூவைக் கொஞ்சம் தின்னும், விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன காட்டுப் பகுதியால் பாம்பு வந்துவிட்டது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

என்ன நிறம், எங்கே பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மெலிந்த பச்சை உடல், முன்பாதியில் கறும்புள்ளி, பெரிய கண், சுவரில் பல்லி தேடி ஏறுகிறதா? அது புள்ளிப் புதர்ப்பாம்பு, நஞ்சே இல்லை. பச்சை மாம்பா என்று பயந்து அடித்துக் கொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். ஆனால் தூரத்தில் நின்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது எதையும் நஞ்சாகவே நினைத்து விலகுங்கள். ஜூலுவில் ம்ஃபேஸி எனப்படும் துப்பும் நாகம் இங்கே உண்டு. அது துப்பும் நஞ்சு கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிக்கப் போகிறவர்தான் பெரும்பாலும் கடிபடுகிறார். பாம்பு பிடிப்பவரின் எண்ணை இன்றே வாங்கி வையுங்கள்.

காட்டுப் பகுதியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பாம்பு வருவது எலிக்கு. எலி வருவது இரவில் வெளியே விட்ட நாய்ச் சோற்றுக்கு.

இரவில் ஆந்தை கூரையில் உட்காருகிறது. பச்சோந்தியும் இருக்கிறது. தோட்டக்காரர் இரண்டையும் கண்டு நடுங்குகிறார்.

ஆந்தை விஷயத்தில் தமிழரும் ஜூலு மக்களும் ஒரே கட்சி. இரண்டு பக்கமும் அபசகுனம். அது வந்திருப்பது மேலே சொன்ன எலிக்காக, அவ்வளவுதான். எலி மருந்து வைக்காதீர்கள், மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். நத்தை மாத்திரையும் அப்படியே, நாய்க்கும் ஆபத்து.

பச்சோந்தியின் கதை ஜூலு மக்களிடம் பழையது. மனிதருக்குச் சாவில்லை என்ற செய்தியோடு கடவுள் அதை அனுப்பினாராம். அது வழியில் மெல்ல மெல்ல நடந்து காலம் தாழ்த்த, சாவின் செய்தியோடு பல்லி முந்திவிட்டதாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. டர்பன் பக்கத்தில் வாழும் குள்ளப் பச்சோந்தி ஒன்று உண்டு, முட்டையிடாமல் குட்டி போடும். இரவில் டார்ச் அடித்தால் புல் நுனியில் வெளிறிப்போய்த் தூங்குவது தெரியும். எங்கள் தோட்டக்காரரை அப்படி ஒரு இரவு கூப்பிட்டுக் காட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தார். மறுநாள் அந்தப் புல்லை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்.

சரிவை வெட்டிச் சமன் செய்துதான் குடில் வைக்க வேண்டுமா? மண் சரியாதா?

2022 ஏப்ரல் 11, 12இல் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த பிறகு இதை லேசாகச் சொல்ல மாட்டேன். சரிவின் அடியை வெட்டாதீர்கள். வெட்டிய மண்ணை விளிம்பில் கொட்டி மேடாக்காதீர்கள். குடிலைச் சரிவின் குறுக்கே, கம்பங்களின் உயரத்தை மாற்றி நிறுத்தலாம். தாங்குசுவர் தேவைப்பட்டால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்; மாமா மகன் போதாது.

மண்ணைப் பிடிக்க வெட்டிவேர். உலகம் முழுக்க அதற்கு வழங்கும் பெயரே நம் சொல்தான். சரிவுக்குக் குறுக்கே, ஒரு சாணுக்கு ஒரு தூராக நெருக்கி நட்டால் வேர் இரண்டு மூன்று மீட்டர் நேராக இறங்கும். தோட்டத்தில் நடும் வகை விதையால் பரவாது. குடில் கூரை ஆறு சதுர மீட்டர் என்றால் ஆண்டுக்கு 6,000 லிட்டர் மழை அதன்மேல் விழுகிறது. அதைச் சரிவில் விடாமல் தொட்டிக்குத் திருப்புங்கள்.

டிசம்பரில் சென்னை போகிறோம். மதுரை மல்லிப் பதியனும் கறிவேப்பிலை விதையும் பையில் போட்டுக்கொண்டு வரலாமா?

கூடாது. இறக்குமதி அனுமதியும் அங்கிருந்து பயிர் நலச் சான்றும் இல்லாமல் செடி, விதை, மண் எதையும் கொண்டுவர முடியாது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். ஆசியாவில் நாரத்தை, சாத்துக்குடித் தோப்புகளை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் பூச்சிக்கு அது விருப்பமான இலை. ஒரு பதியனில் வரும் நாலு முட்டை போதும். மரத்தைத் துளைக்கும் அந்நிய வண்டு ஒன்று, இந்த நாட்டில் 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று நாடு முழுக்க நகர மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. நமக்கு ஒரு முழம் பூ, தோட்டக்காரர்களுக்கு ஒரு தோப்பே நஷ்டம்.

கறிவேப்பிலை இங்கேயே வேண்டிய மட்டும் இருக்கிறது, எந்த வீட்டு மரத்தடியிலும் கன்று கிளம்பும். மல்லிகைப் பதியன் வேண்டுமானால் அக்டோபரில் முதல் மழை விழுந்த பிறகு கோயில் வாசலில் கேளுங்கள், கொண்டுவருகிறேன். தொட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.